முதுகு விடாத ஊசி

...அந்த ஆளும் ஒரு நாள் இப்படிக் குப்புறப் படுக்க வேண்டும், இதே கட்டிலில், தலைமாட்டில் இருக்கிற இதே ஓட்டைக்குள் மூஞ்சியைக் கொடுத்து, தரையில் ஊர்கிற எறும்பைப் பார்த்துக்கொண்டு, இடுப்பில் ஊசி, முட்டி மடிப்பில் ஊசி, கணுக்காலில் ஊசி, தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு... அப்போது தெரியும் மேல்தோட்டத்து வரதராஜுலுவுக்கு, என்று சசிதர் நினைத்தான். நினைப்பது ஒன்றும் புதிதில்லை. போன வருசம் மாசியில் முதுகு போனதிலிருந்து அவன் உருப்படியாகச் செய்கிற ஒரே வேலை இதுதான். தொண்டாமுத்தூரிலிருந்து காரில் பின்சீட்டில் சாய்ந்தபடி வந்து, கோட்டைமேட்டில் அத்தர்க் கடைக்கு மேலே மாடிப்படி ஏறி, ஒவ்வொரு படிக்கும் அந்த ஆளை ஒரு வார்த்தை திட்டி, சாஜிதாக்காவின் அக்குபங்சர் கிளினிக்கில் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுப் படுத்தால், அப்புறம் ஊசியை எடுக்கிற வரைக்கும் அசையக் கூடாது. அசையாமல் கிடக்கிறவனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? சாமி கும்பிடலாம். தூங்கலாம், பச்சைத் திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிற மனுசன் குறட்டை விடுகிறானே, அந்த மாதிரி. சசிதருக்குத் தூக்கம் வராது. ஊசி இறங்கின இடத்தில் கனமாக ஒரு கடுப்பு கிளம்பும், அது காலுக்கு ஓடும், கூடவே வரதராஜுலுவும் கிளம்பி வந்துவிடுவார். மனசுக்குள் அவன் இவன் என்றுதான் பேசுவான், நேரில் பார்த்தால் வாய் தானாக வாங்க மாமா என்றுவிடும். இந்த ஊர் நாக்கை வைத்துக்கொண்டு ஒருத்தனை உருப்படியாகப் பகைக்கக்கூட முடிவதில்லை. திட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டவேண்டியிருக்கிறது.

சாஜிதாக்கா இன்றைக்கு நாடி பிடித்தபோதே புருவத்தைச் சுருக்கினாள். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, என்ன தம்பி, துடிச்சுக்கிட்டு ஓடுது, யார் கூடவாச்சும் சண்டையா என்றாள். இல்லீங்கக்கா, வண்டியில வந்த அலுப்பு என்றான். அவள் நம்பவில்லை, ஆனால் மேலே கேட்கவும் இல்லை. அதனால்தான் அவளைப் பிடித்திருக்கிறது. ஸ்கேன் எடுத்த ஆஸ்பத்திரியில் ஒரு பையன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, டிஸ்க் வெளியே பிதுங்கியிருக்கு சார், ஆபரேஷன்தான் என்று மாம்பழம் பிதுங்கின மாதிரி சொன்னான். எப்படி விழுந்தீங்க என்று கேட்டான். ஆனை தொரத்துச்சுங்க என்றதும் பக்கத்திலிருந்த நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாஜிதாக்கா சிரிக்கவில்லை. எந்தப் பக்கமா விழுந்தீங்க, வலி வலது காலுக்கு இறங்குதா இடது காலுக்கா, குனிஞ்சா அதிகமா நிமிந்தா அதிகமா என்றுதான் கேட்டாள். வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள், நான் டாக்டர் இல்ல தம்பி, ஆபரேஷன் வேணும்னு தோணுனா நானே சொல்லிருவேன், அதுவரைக்கும் பார்ப்போம் என்று. இப்போது கொஞ்சம் பரவாயில்லை. கால் மரத்துப்போவது குறைந்திருக்கிறது. ஆனால் டிராக்டரில் ஏற முடியாது. சம்மணம் போட்டு உட்கார முடியாது. கல்யாணப் பந்தியில் கிழவர்களோடு நாற்காலி வரிசை. செருப்பு வார் போட ஹாரிகா குனிகிறாள், கட்டின பெண்டாட்டி தலை தன் காலடியில் தெரியும்போது எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரைப் பார்க்கிறான், அந்தச் சுவரிலும் வரதராஜுலுவின் மூஞ்சிதான்.

ரிங் விடவில்லை. அவ்வளவுதான் விசயம். கேட்கிறவனுக்கு இது என்னடா பெரிய குத்தம் என்றிருக்கும். மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும். ஆனை உன் தோட்டத்தில் இறங்கிவிட்டால் நீ வெடி போட்டு விரட்டுவாய், அது அடுத்தவன் தோட்டத்துக்குத்தான் போகும், ஆகாசத்துக்கா போகும்? அதனால் வெடி போடுவதற்கு முன்னால் அது போகிற பக்கத்துத் தோட்டக்காரனுக்குப் போனில் ஒரு ரிங் விட வேண்டும். பேசக்கூட வேண்டாம், விட்டுக் கட் பண்ணினால் போதும், அந்த நேரத்துக்கு அந்த நம்பர் வந்தால் ஆனை என்று அர்த்தம், இருக்கிற இடத்தில் பூந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். சீசனில் பொழுது சாய்ந்தால் எல்லாப் பக்கமும் வெடிச் சத்தம்தான், மலையில் பட்டுத் திரும்பி வேறு வரும், காதை வைத்துக்கொண்டு எந்தத் தோட்டத்து ஆனை எங்கே போகிறதென்று சொல்லவே முடியாது. ரிங் ஒன்றுதான் கணக்கு. வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போன குமாரசாமியும் அவன் தம்பியும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கிறதில்லை, அப்பன் காரியத்துக்குத் தனித்தனியாகச் சாப்பாடு போட்டார்கள், ஆனால் ஆனை வந்தால் ரிங் விட்டுவிடுவார்கள். பகை வேறு, ஆனை வேறு. அதைக்கூடச் செய்யாத ஒரு ஆள் அந்த வரிசைத் தோட்டங்களிலேயே வரதராஜுலு ஒருத்தன்தான், அதுவும் யாருக்கு? மாமா மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டவனுக்கு.

அன்றைக்கு இருட்டுகிற நேரம், சசிதர் வாழைக்குள் சொட்டுநீர் வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தான். மேலே வெடி கேட்டது. கேட்டால் என்ன, தினமும் கேட்பதுதான், போன் சும்மா இருக்கிறது, அப்போது நம் பக்கம் இல்லை என்று திருப்பின வால்வை மறுபடி சரி பார்த்தான். தலையை நிமிர்த்தினால் வாழை மட்டைக்கு மேலே ஆனை நெத்தி, ஒரு பக்கம் மட்டும் தந்தம். ஒத்தக்கொம்பன். எப்படி ஓடினான், எந்தப் பக்கம் ஓடினான், ஒன்றும் ஞாபகமில்லை, வாய்க்கால் சிமெண்டுக் கட்டை முதுகுக்குக் குறுக்கே வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. ஆனை அவனைத் தொடவில்லை, நின்று பார்த்துவிட்டு ஒரு வாழையைப் பிடுங்கிக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்விட்டது, அதற்குப் பகையில்லை. தோட்டத்தில் வேலை செய்கிற பழனாத்தாளும் அவள் மருமகனும்தான் வந்து தூக்கினார்கள். வேட்டி எங்கேயோ முள்கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றது. அந்த வேட்டிதான்... அந்த வேட்டியைத்தான் அந்த ஆள் விடவே மாட்டேன் என்கிறான்.

வரதராஜுலு வந்து பார்த்தார். சாத்துக்குடியும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்ன பண்றது கண்ணு, நேரம்... ஆனை நம்ம சொல்லியா கேக்குது என்றார். ரிங் விடவில்லை என்று ஒரு வார்த்தை, மறந்துட்டேன் என்று ஒரு வார்த்தை, ம்ஹூம். காபி குடித்துவிட்டுப் போனார். போய் எங்கே உட்கார்ந்தார்? டீக்கடையில். சசி ஓடுனான் பாரு, வேட்டி ஒருபக்கம் ஆளு ஒருபக்கம், ஆனையே வெக்கப்பட்டுத் திரும்பிக்கிச்சு என்று. கடை மொத்தமும் சிரித்திருக்கிறது. அப்புறம் மாரியம்மன் பண்டிகையில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார், ஒவ்வொரு தடவையும் வேட்டி இன்னும் கொஞ்சம் தூரத்தில் கிடந்தது. ரிங் விடாத கதையை மறைக்க வேட்டிக் கதையைக் கிளப்பிவிட்டார் என்று சசிதருக்குத் தெரியும். ஊருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஊருக்குச் சிரிக்கக் கிடைத்தால் போதாதா? போன வாரம்கூட உரக்கடையில் ஒரு பொடிப் பயல் இவனைப் பார்த்துவிட்டுக் கூட்டாளியின் விலாவில் இடித்தான். அந்த இடி நேராக வந்து நாலாவது எலும்பில் விழுந்த மாதிரி இருந்தது. முதுகு வலிக்கு ஊசி இருக்கிறது, இதற்கு எந்த ஊசி இருக்கிறது...

கையில் போன் அதிர்ந்தது. ஊசி போட்டபின் போன் கூடாது என்பது சாஜிதாக்காவின் சட்டம், எல்லோர் போனையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கி வைத்துவிடுவாள், ஆனால் இன்றைக்கு வாட்ஸப் குரூப்பில் மத்தியானமே காட்டிலாகா வாட்சர் போட்டிருந்தார், ஒத்தக்கொம்பன் அடிவாரத்தில் நிற்கிறது, எல்லோரும் கவனம் என்று. அதைக் காட்டிக் கெஞ்சி வாங்கிக்கொண்டான். கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, ஓட்டை வழியாக ஸ்கிரீனைப் பார்த்தான். ஹாரிகா. காதுக்குக் கொண்டுபோக முடியாதே, ஸ்பீக்கரைத் தட்டினான். வீட்டில் ஹாரிகா தெலுங்குதான் பேசுவாள், விசயம் பெரிசு என்றால் தமிழுக்கு வந்துவிடுவாள், அது ஏனென்று அவளுக்கே தெரியாது. தமிழில் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ஓடைப் பக்கமா ஏறி நம்ம தென்னைக்குள்ள வந்துருச்சுங்க. ஒத்தக்கொம்பன்தானுங்க. பழனாத்தா வெடிய எடுத்து வெச்சுட்டு நிக்கறா. போடச் சொல்லட்டுங்களா?"

ஓடைப் பக்கம் ஏறியிருக்கிறது என்றால், கீழே இருந்து விரட்டினால் மேலேதான் போகும். மேலே வரதராஜுலு தோட்டம், அதைத் தாண்டினால் காடு. இந்த நேரத்துக்கு அந்த ஆள் எங்கே இருப்பான்? மோட்டார் போட வந்திருப்பான். மூன்று பேஸ் கரண்ட் வருகிற நேரம். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் குச்சி, பாக்குக்குள் ஒத்தையடிப் பாதையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு... சசிதர் இதையெல்லாம் யோசித்தானா, யோசிக்காமலே தெரிந்ததா, போடச் சொல்லு என்றான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அந்தப் பக்கம் ஹாரிகா வைக்கவில்லை. பழனாத்தாள் யாரையோ அதட்டுவது கேட்டது, நாய் குரைப்பது கேட்டது. வேறெதாச்சும் சொல்லணுங்களா என்றாள். வேறொண்ணும் இல்ல, நீ ஊட்டுக்குள்ளயே இரு என்றான். இன்னும் ஒரு மூச்சு நேரம் இருந்துவிட்டு வைத்தாள். ஸ்கிரீனில் குழந்தையோடு அவன் நிற்கிற படம் வந்தது, முதுகு நல்லா இருந்தபோது எடுத்தது, லாஸ்யா தோளில் ஏறி உட்கார்ந்து அவன் காதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது தூக்கச் சொல்லிக் கேட்பதை அவளே நிறுத்திவிட்டாள்.

இவ்வளவுதானா? இதற்கா ஒன்றரை வருசம்... எத்தனை விதமாக யோசித்திருக்கிறான், பைப்லைனை உடைக்கலாமா, டீக்கடையில் எல்லோருக்கும் முன்னால் சட்டையைப் பிடிக்கலாமா, பண்டிகையில் மைக்கை வாங்கி ரிங் விடாத கதையைச் சொல்லிவிடலாமா, எல்லாவற்றுக்கும் முதுகு வேண்டும், எழுந்து நிற்க வேண்டும், கடைசியில் பார்த்தால் குப்புறப் படுத்த வாக்கில் ஒன்றும் செய்யாமலே முடிகிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் காரியமே. அவன் விரலை அசைக்கவில்லை, அவன்மேல் யார் என்ன சொல்ல முடியும்? ஊசி போட்டுக் கிடந்தேன், அசையக் கூடாதுன்னாங்க, சாஜிதாக்காவே சாட்சி. அட, இவ்வளவு லேசான வேலையா இது... அப்படியென்றால் அன்றைக்கு அந்த ஆளுக்கும் இவ்வளவு லேசாகத்தான் இருந்திருக்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு, சசி சாகட்டும் என்று போனைக் கீழே வைத்தான் என்றல்லவா இத்தனை நாள் நினைத்தோம்? சும்மா நின்றிருப்பான், பையிலிருந்து எடுக்கச் சோம்பல் பட்டிருப்பான், சசி இந்நேரம் ஊட்டுக்குப் போயிருப்பான் என்று... ச்சே, அந்த ஆளுக்காக நான் ஏன் வக்காலத்து வாங்குகிறேன் என்று சசிதர் தன்னையே அதட்டிக்கொண்டான். சோம்பலில் செய்தால் குத்தமில்லையா? பகையில் செய்திருந்தாலாவது ஒரு மரியாதை. நினைப்பே இல்லாமல் ஒருத்தன் முதுகை உடைப்பது அதைவிடக் கேவலம். கிடக்கட்டும்.

விழட்டும். விழுந்தால் அந்தப் பாக்குத் தோட்டத்து வாய்க்கால் கட்டையில்தான் விழ வேண்டும், முதுகுதான் போக வேண்டும், தலை வேண்டாம், தலையில் அடிபட்டால் ஒன்றும் தெரியாமல் போய்விடும், தெரிய வேண்டும். வேட்டி முள்ளில் மாட்ட வேண்டும். பழனாத்தாள்தான் போய்த் தூக்க வேண்டும், அவளுக்கு வாய் சும்மா இருக்காது, நாளைக்குக் காலையில் டீக்கடை வரைக்கும் வந்துவிடும். அப்புறம் நான் போவேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, பெரிய பாட்டிலாகவே. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உட்கார முடியாது, நின்றுகொண்டாவது சொல்வேன், என்ன மாமா பண்றது, நேரமுங்க... ஆனை நம்ம சொல்லியா கேக்குதுங்க. அந்தக் கடைசி 'ங்க'வை நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஆள் மூஞ்சி எப்படிப் போகும்! முதலில் ஒன்றும் புரியாது, அப்புறம் புரியும், புரிந்தபின் வாயைத் திறக்க முடியாது, ஏனென்றால் திறந்தால் முதலில் தன் கதையைச் சொல்ல வேண்டும். சசிதர் ஓட்டைக்குள் இருந்த மூஞ்சியால் சிரித்தான். எறும்பு ஒன்று டைல்ஸ் இடுக்கில் நின்று நின்று போனது. ஒரு மாம்பழத்தை உரித்துத் தின்கிற மாதிரி இருந்தது, அவசரமில்லாமல், சதை பிடித்த இடமாகப் பார்த்து.

ஆனை ஏற்பாட்டுக்குக் கட்டுப்படுமா? அதுதான் கொஞ்சம்... அன்றைக்கு அது நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது, அவனுக்கு நேரம் நல்லா இருந்தது. வெடி போட்டு விரட்டின ஆனை மூர்க்கத்தில் வரும். போன தை மாதம் நரசீபுரம் பக்கம் ஒரு கிழவரை... வேண்டாம், அதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும். விழ மட்டும்தான் வேண்டும். நான் சாகச் சொல்லவில்லையே. யார்கிட்டச் சொல்கிறேன் இதை? அந்த ஆளின் பெண்டாட்டி பங்காரம்மா அத்தையிடமா? வரதராஜுலு வந்து போனதற்கு மறுநாள் அந்த அம்மாள் தனியாக வந்தது. கையில் ஒன்றும் இல்லை. கதவுக்குப் பக்கத்திலேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஏதோ சொல்ல வந்த மாதிரி. கடைசியில் தின்னாவா நாயனா, சாப்பிட்டியா அப்பா என்று தெலுங்கில் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டது. அந்த அம்மாளுக்குத் தெரியும். புருசன் பக்கத்தில் இருந்திருப்பாள், போன் பண்ணுங்கோ என்று சொல்லியிருப்பாள், அவன் கேட்டிருக்க மாட்டான். இப்போது டி.வி.யை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அடுப்பில் சாதம், இன்னும் ஆளைக் காணோமே என்று வாசல் லைட்டைப் போடுவாள்... அத்தையை இதில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் கணக்கே தப்பிப்போகும். அத்தைக்கு வேறு ஏதாவது செய்துகொள்ளலாம், அப்புறம்.

கட்டை விரல் ஸ்கிரீனைத் தட்டியது. சும்மாதான், மணி பார்க்க. மணியைப் பார்த்துவிட்டுப் பேர்களைத் தள்ளிக்கொண்டே போனது. வரது மாமா தோட்டம் என்று எப்போதோ போட்ட பேர், பக்கத்தில் சின்னதாக ஒரு ஆனைப் படம், லாஸ்யா விளையாட்டுக்கு வைத்தது, எல்லாத் தோட்டக்காரர் பேருக்குப் பக்கத்திலும் வைத்திருக்கிறாள். பச்சை வட்டம் கட்டை விரலுக்கு நேராக இருந்தது. தொட வேண்டியதுகூட இல்லை, கை நடுங்கினால் போதும், தானாகப் போய்விடும். சசிதர் கை நடுங்காமல் பார்த்துக்கொண்டான். இந்நேரம் வெடி போட்டிருப்பார்கள். பழனாத்தாள் வெடி போட்டால் கையில் வைத்தே திரியைக் கொளுத்தி எறிவாள், பயமே கிடையாது. ஆனை திரும்பியிருக்கும். வாழையைத் தாண்டியிருக்கும். இன்னும் வரப்பைத் தாண்டியிருக்காது, இப்போது தொட்டால்கூட... ஸ்கிரீன் மங்கியது. மங்குகிறது, மங்குகிறது, இப்போது அணையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான், கறுப்பானது. கறுப்பில் அவனுடைய மூஞ்சி தெரிந்தது, ஓட்டையின் வளையத்துக்குள், கன்னமெல்லாம் தொங்கி, கண் இரண்டும் பிதுங்கி. பார்க்க வரதராஜுலு மாதிரியே இருந்தது. தூரத்துச் சொந்தம்தானே, ஜாடை இருக்கத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

திரை விலகிய சத்தம் கேட்டது. சாஜிதாக்காவின் கால் தெரிந்தது, கறுப்புச் செருப்பு, பெருவிரலில் மருதாணி. நேரமாச்சு தம்பி, எடுத்துரலாம் என்று கணுக்காலிலிருந்து ஆரம்பித்தாள். ஊசி வருவதே தெரியாது அவள் கையில், பஞ்சை வைத்து ஒரு அழுத்து, அவ்வளவுதான், கிண்ணத்தில் டிங் என்று விழும். முட்டி மடிப்பில் இரண்டு. இடுப்பில் மேலே ஒன்று. அடுத்ததில் நின்றாள். மெல்ல இழுத்தாள். தோல் கூடாரம் மாதிரி கிளம்பிக் கூடவே வருவதை அவன் உணர்ந்தான், சுருக்கென்றது. விட்டுவிட்டாள். கொஞ்சம் திருப்பிப் பார்த்தாள், வரவில்லை. நாலு விரலால் சுற்றித் தட்டிக்கொடுத்தாள், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி. வரவில்லை.

"சதை புடிச்சு வெச்சுக்கிச்சு தம்பி. பயப்பட ஒண்ணுமில்ல, வரும். நான் இழுத்தா இன்னும் இறுக்கிக்கும். நீங்கதான் உடணும்."

நான் என்ன பிடித்தா வைத்திருக்கிறேன் என்று கேட்டான். பின்ன யாரு, முதுகு உங்களுதுதானே என்றாள் சாஜிதாக்கா, கேலியாகத்தான். மனசுல எதையாச்சும் கெட்டியா நெனச்சா இப்படி ஆகும், நல்லா மூச்சு உடுங்க, ஊர் விசயம் எதையும் நெனைக்காதீங்க என்று சொல்லிவிட்டு, அந்த ஊசிக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஊசியை இறக்கினாள். பிடித்ததை விடவைக்க இன்னொன்று போட வேண்டுமாம், அது ஒரு முறை. சசிதர் மூச்சு விட்டான். இழுத்து விட்டான். ஊர் விசயம் நினைக்கக் கூடாது என்று நினைத்ததும் பாக்குத் தோட்டம் வந்தது, டார்ச் வெளிச்சம் வந்தது, வெளிச்சம் மேலேயும் கீழேயும் ஆடுகிறது, அந்த ஆள் முணுமுணுக்கிற பாட்டு நிற்கிறது... இடுப்பு இன்னும் இறுகியது. சாஜிதாக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள், போகவில்லை. கையை ஊசிக்குப் பக்கத்தில் சும்மா வைத்திருந்தாள். அந்தக் கை சூடாக இருந்தது. அந்தக் கைக்கு எல்லாம் தெரிகிற மாதிரி இருந்தது, நாடியில் தெரிந்தது முதுகில் தெரியாதா? எடுத்துருங்கக்கா, வலிச்சாலும் பரவாயில்ல என்றான். அவசரம் என்ன தம்பி என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் குறட்டை நின்றிருந்தது.

வெடி போட்டு எத்தனை நேரம் ஆயிற்று? ஏன் ஹாரிகா கூப்பிடவில்லை? ஒன்றும் ஆகவில்லை என்றால் கூப்பிட்டிருப்பாளே. ஆகியிருந்தாலும் கூப்பிட்டிருப்பாள். எல்லோரும் மேலே ஓடியிருப்பார்களோ... பழனாத்தாள், மருமகன், ஹாரிகாவும்கூட, செருப்பில்லாமல். சசிதருக்கு வாய் காய்ந்தது. வேண்டியது நடக்கிறபோது வாய் ஏன் காய வேண்டும்? சந்தோசத்துக்கும் காயும், ஏன் காயாது. கல்யாணத்தன்றைக்குக்கூட இப்படித்தான் காய்ந்தது. விழட்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன், மாற்றவில்லை, ஒரு வார்த்தையும் மாற்றவில்லை என்று தனக்குத்தானே உறுதி சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்து கையிலிருந்து நழுவி டைல்ஸில் விழுந்தது. எறும்பு எங்கே போயிற்றோ. சாஜிதாக்காதான் குனிந்து எடுத்து, பெயரைப் பார்த்து, வீட்டுலருந்து என்று ஸ்பீக்கரைத் தட்டி ஓட்டைக்கு நேராகப் பிடித்தாள். இன்னொரு கை அவன் முதுகில்தான் இருந்தது.

ஹாரிகாவுக்கு மூச்சு வாங்கியது. தமிழில்தான் பேசினாள். மேலே போய்விட்டதாம், மாமா பாக்குக்குள் பூந்து, நாலைந்து மரத்தைச் சாய்த்துவிட்டுக் காட்டுக்குள் ஏறிவிட்டதாம். மாமா மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டாராம், ஒன்றும் ஆகவில்லையாம்.

சசிதர் கேட்கக் கூடாததைக் கேட்டான். அவருக்கு எப்படித் தெரிஞ்சுது என்றான்.

அந்தப் பக்கம் நாய் மட்டும் குரைத்தது. பழனாத்தாள் சத்தம் இல்லை, எங்கேயோ தள்ளி வந்து நின்று பேசுகிறாள் போல.

"வெடி போடறதுக்கு முன்னாலயே நாந்தானுங்க ரிங் உட்டேன்," என்றாள் ஹாரிகா. "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரெண்டு வாட்டி நின்னு பாத்தேனுங்க."

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. இப்போதுதான் மாமா திருப்பிக் கூப்பிட்டார் என்றாள்.

"சசி சொல்லச் சொன்னானா அம்மணின்னு கேட்டாருங்க. ஆமாங்க மாமான்னு சொல்லிப்போட்டேன். அப்புறம், நாளைக்குக் காலைல ஊட்டுக்கு வாறேன், சசி இருப்பானான்னாரு. நீங்க மெதுவா வாங்க."

வைத்துவிட்டாள். குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை, அதுதான் பயமாக இருந்தது. செருப்பு வார் போடக் குனிகிறவளுக்கு இனி அந்தக் காலின்மேல் என்ன நினைப்பு வரும்? கேட்க மாட்டாள். வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கேட்க மாட்டாள், சாதம் போடுவாள், நேரத்துக்கு வெந்நீர் வைப்பாள். அந்த ஆள் வேறு வரப்போகிறார். சாத்துக்குடி இருக்காது இந்தத் தடவை. வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணு என்று ஆரம்பித்து, அன்னைக்கு நான் ஒரு ரிங்கு உட்டிருந்தா என்று சொல்லிவிட்டால்? இத்தனை நாள் எந்த வார்த்தைக்குக் காத்திருந்தானோ அந்த வார்த்தையையே சொல்லிவிட்டால்? ஹாரிகா காபி தம்ளரோடு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். எல்லோரும் சேர்ந்து என்னை நல்லவனாக்கிவிட்டார்கள், கேட்காமலே, குப்புறக் கிடக்கும்போதே. பழிவாங்கினால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வயிறெரிந்தது, நிஜமாகவே எரிந்தது, தப்பித்துவிட்டானே என்று எரிந்ததா...

முடிஞ்சுது தம்பி, மெல்ல ஒருக்களிச்சு எந்திரிங்க என்றாள் சாஜிதாக்கா. இன்னும் அது இருக்கேக்கா என்றான். அது வந்துருச்சே, நீங்க பேசிட்டிருந்தப்பவே வந்துருச்சு, நான் இழுக்கக்கூட இல்ல, கைய வெச்சிருந்தேன், சதை தானா உட்டுருச்சு என்று கிண்ணத்தைக் காட்டினாள். பிடித்து வைத்த ஊசி லேசாக வளைந்து கிடந்தது. சசிதர் ஒருக்களித்து, கையை ஊன்றி, எழுந்து உட்கார்ந்தான். இடுப்பு லேசாக இருந்தது. ஒன்றரை வருசத்தில் இவ்வளவு லேசாக இருந்ததில்லை, அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. எந்த இடத்தில் விட்டது? மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாளே, அங்கேயா? இல்லை, அதற்கும் அப்புறமா, ஆமாங்க மாமான்னு சொல்லிப்போட்டேன் என்றாளே, யாருக்கும் தெரியாது என்று ஆனதே, அந்த இடத்திலா? அந்த ஆள் பிழைத்ததற்கு விட்டதா, தான் மாட்டிக்கொள்ளாததற்கு விட்டதா? கூடவே இருந்து கையை வைத்திருந்தது சாஜிதாக்காதான். எந்த வார்த்தைக்கு வந்தது என்று கேட்க வாயெடுத்தான். அவள் பஞ்சைச் சுருட்டிக்கொண்டே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது, தோன்றியதும் கேட்காமல் திரும்பிச் சட்டையைத் தேடினான்.